ஒரு எழுத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு

எங்கள் பக்கத்தில் மாரியம்மாள் இல்லாத தெரு கிடையாது. அந்தப் பெயரை இங்கிலீஷில் எத்தனை விதமாக எழுதலாம் என்று கேட்டால், என் கண்ணால் பார்த்தது மட்டும் ஒன்பது. ஆருக்குப் பிறகு ஐ மட்டும் போடுவார்கள், ஐயோடு ஒரு ஒய்யும் போடுவார்கள், ஐ இல்லாமல் ஒய் மட்டும் போடுவார்கள். அப்புறம் அம்மாளில் எம் ஒன்றா இரண்டா, கடைசி ஏ ஒன்றா இரண்டா. ரேஷன் கார்டில் ஒரு மாரியம்மாள், பள்ளிக்கூட டிசியில் ஒரு மாரியம்மாள், ஆதாரில் இன்னொரு மாரியம்மாள். வீட்டில் என்னவோ ஒரே மாரியம்மாள்தான். வாசலில் நின்று கூப்பிட்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவார். பாஸ்போர்ட் என்று வரும்போதுதான் இந்த மூன்று பேரையும் ஒரே ஆளாக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த வேலையைத்தான் நான் தளவாய்புரத்தில் இருபத்தெட்டு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

போர்டில் ‘ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் சேவை’ என்று போட்டிருக்கும். ராஜபாளையத்தில் இருந்து தென்காசி ரோட்டில் வந்து உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். நைட்டி ஊர் என்று சொன்னால் துணிக்கடைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். எந்தத் தெருவில் நடந்தாலும் தையல் மிஷின் சத்தம் கேட்கும், கட்டிங் மாஸ்டர்களின் வாசலில் துண்டுத் துணி குவிந்து கிடக்கும். இந்த ஊரில் இருந்து பாஸ்போர்ட் எடுக்க வருகிறவர்களில் பாதிப்பேர் தையல்காரர்கள். மலேசியா, சவுதி, துபாய், சிங்கப்பூர் என்று போகிறவர்கள். மீதிப் பாதி, பிள்ளைகளை இன்ஜினியரிங் படிக்கவைத்து அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு, பேரப்பிள்ளை பிறக்கும்போது விசா தேடி வருகிற அப்பா அம்மாக்கள். இவர்கள் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகூட வருவார்கள். அங்கே கடை இல்லாமல் இல்லை. யாரோ ஒருவருக்கு விசா கிடைத்திருக்கும். என் கை ராசியான கை என்று அவர் சொல்லிவிட்டிருப்பார், அவ்வளவுதான்.

நான் கடை போட்டது 1997ல். டைப்ரைட்டிங்கில் லோயரும் ஹையரும் பாஸ் செய்திருந்தேன். பழைய மிஷின் ஒன்று, ஒரு பெஞ்சு, கார்பன் தாள். அப்போது பாஸ்போர்ட் கட்டணம் 300 ரூபாய். படிவத்தை நிரப்பி, திருச்சி பாஸ்போர்ட் அலுவலகத்தின் பெயருக்கு டிடி எடுத்து, சான்றிதழ் நகல்களை நூல் கட்டி அனுப்ப வேண்டும். மதுரைக்கு அலுவலகம் வந்தது அப்புறம்தான். அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒரு தப்பு இருந்தால் கடிதம் வரும், பதில் போடுவோம், மறுபடி கடிதம் வரும். நேரம் போகும், பணம் அதிகமாகப் போகாது. என் கூலி பதினைந்து ரூபாய்.

300 ரூபாயாக இருந்த காலத்தில் ‘சும்மா எடுத்து வைப்போம்’ என்று வருகிறவர்கள் நிறைய இருந்தார்கள். எங்கேயும் போகிற உத்தேசம் இருக்காது. மச்சான் எடுத்தான், அதனால் இவரும் எடுப்பார். எடுத்துப் பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே வைத்துவிடுவார்கள். 2002ல் ஒரே தாவாக 1,000 ஆனது. அன்றோடு அந்தக் கூட்டம் நின்றது. வேலை உறுதி என்று தெரிந்தவர்தான் வந்தார். 2012 அக்டோபர் 1 முதல் 1,500. அவசரத்துக்குத் தத்கால் என்றால் மேலே 2,000, ஆகமொத்தம் 3,500. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அதே 1,500தான். 2017ல் எட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கும் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தார்கள். அறுபது தாண்டியவரிடம் “அண்ணாச்சி, உங்களுக்கு 150 ரூபாய் கம்மி” என்று சொன்னால் அவருக்கு வருகிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். சீனியர் ஆனதில் முதல் லாபம் அதுவாகத்தான் இருக்கும்.

கட்டணம் ஏறியதை நான் குறை சொல்லமாட்டேன். 300 ரூபாய்க் காலத்தில் இருந்த காத்திருப்பை நினைத்துப் பார்த்தால், இன்று நாள் குறித்து மையத்துக்குப் போய், ஏ கவுண்டரில் போட்டோவும் கைரேகையும் கொடுத்து, பி, சி என்று கடந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வந்துவிடுகிறார்கள். 2017ல் இருந்து தபால் ஆபீசிலேயே மையங்கள் வைத்துவிட்டார்கள். டிடி கமிஷன் ஒழிந்தது. இதெல்லாம் நல்லதுதான். எனக்கு உள்ள கவலை வேறு. கட்டணம் ஏறும்போது தப்பின் விலையும் கூடவே ஏறிவிடுகிறது. டைப்ரைட்டரில் ஒரு எழுத்தைத் தவறாகத் தட்டினால் வெள்ளை மை தடவி மேலே அடித்தேன். இப்போது ஒரு எழுத்தைத் தவறாக விட்டு, அது பாஸ்போர்ட்டில் அச்சாகிவிட்டால், திருத்துவதற்கு மறுபடி விண்ணப்பம், மறுபடி 1,500.

இந்த எழுத்துத் தொல்லைக்கு மூலம் நம் இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டோம். உலகத்தில் உள்ள விண்ணப்பங்கள் எல்லாம் சர்நேம் என்று ஒரு கட்டம், கிவன் நேம் என்று ஒரு கட்டம் வைத்திருக்கின்றன. எஸ். முருகன் எந்தக் கட்டத்தில் போவார்? எஸ்ஸை விரித்தால் சுப்பையா. சுப்பையாவைச் சர்நேமில் போட்டால் ஏர்போர்ட்டில் “மிஸ்டர் சுப்பையா” என்று கூப்பிடுவார்கள். செத்துப்போன அப்பாவைத் தேடுகிறார்கள் என்று இவர் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். அதனால் நாங்கள் அந்தக் காலத்தில் ஒரு குறுக்குவழி வைத்திருந்தோம்: சர்நேமைக் காலியாக விடு. கிவன் நேமில் முருகன் மட்டும். பிரச்சினை இல்லாத வழி என்று நானே நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

2022 நவம்பரில் அந்த வழி அடைந்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. செய்தி வந்த மறுநாள் காலை கடை திறக்குமுன் ஆறு பேர் நிற்கிறார்கள். அதில் ஒருவர் கட்டிங் மாஸ்டர். துபாயில் மகள் வீட்டுக்குப் போக டிக்கெட் போட்டுவிட்டு வந்திருக்கிறார். பாஸ்போர்ட்டை நீட்டினார். சர்நேம் காலி. போட்டது நான்.

“நீங்கதான சொன்னீங்க, காலியா விட்டாத்தான் நல்லதுன்னு?”

“அப்ப அதான் நல்லதா இருந்துச்சு, அண்ணாச்சி.”

அவருக்கு மறுவெளியீட்டுக்கு விண்ணப்பம் போட்டேன். 1,500 கட்டியாயிற்று. சில நாள் கழித்து விளக்கம் வந்தது: பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும், அதையே ஏற்றுக்கொள்வோம் என்று. அவருடைய பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பளிச்சென்று இருந்தது. கட்டிய பணம் கட்டியதுதான். நான் கூலி வாங்கவில்லை. அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்க விசா விண்ணப்பத்தில் இந்தக் கதைக்கு இன்னொரு முகம் உண்டு. அங்கே சர்நேம் கட்டத்தைக் காலியாக விட முடியாது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான் என்றால் அதைத் தூக்கிச் சர்நேமில் போட்டுவிட்டு, கிவன் நேம் இருக்கும் இடத்தில் எஃப் என் யூ என்று அடிக்க வேண்டும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். விசா ஒட்டி வந்த பாஸ்போர்ட்டைப் பேரன் படித்துக் காட்ட, ஒரு பெரியம்மா என்னிடம் நேராக வந்துவிட்டார். “ஏம்ப்பா, எம் பேரு தெரியலைன்னா எழுதியிருக்கான்? நான்தான் சன்னல்கிட்ட நின்னு வாய்விட்டுச் சொன்னேனே!”

பெயரைச் சரிசெய்ய உறுதிமொழிப் பத்திரம் வேண்டும் என்று வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவோம். எங்கள் மாவட்டத்துக்குப் பெயர்தான் விருதுநகர். மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். அங்கே போனால் நோட்டரி வக்கீல், முத்திரைத்தாள் எல்லாம் ஒரே இடத்தில் முடியும். உறுதிமொழிப் பத்திரத்துக்கு இருபது ரூபாய்த் தாள் போதுமாக இருந்தது. 2024ல் அதை இருநூறு ஆக்கிவிட்டார்கள். மாரியம்மாளும் மாரியம்மாளும் ஒருவரே என்று சத்தியம் செய்வதற்குப் பத்து மடங்கு. பிறப்புச் சான்றிதழில் உள்ள அரசு முத்திரையில் இருப்பது எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு பெருமை. கோபுரம் சரியாகத்தான் இருக்கும். கீழே உள்ள பெயரில்தான் எழுத்து மாறிக் கிடக்கும்.

இந்த இடத்தில் என் கூலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்போது 200 ரூபாய் வாங்குகிறேன். பாஸ்போர்ட்டுக்கு 1,500 என்று சொன்னால் ஒருவரும் ‘கொஞ்சம் குறையுங்க’ என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேட்டதில்லை. என் 200க்கு மட்டும் “நூத்தம்பது வச்சுக்கோங்கண்ணே” என்று வரும். அமெரிக்க விசாவுக்குப் பதினைந்தாயிரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டியவர், போட்டோவுக்கு அறுபது ரூபாயா என்று என்னிடம் கால்மணி நேரம் வாதாடினார். முன்னால் இருக்கிறவனிடம்தானே பேசமுடியும்.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் கதையில் அரசுக் கட்டணம் சின்னது. பத்தாம் வகுப்பு பாஸாகாதவர்களின் பாஸ்போர்ட்டில் ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்று முத்திரை விழும். சவுதி, குவைத் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகும்முன் அவர்கள் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வாங்க வேண்டும். 1983ஆம் வருஷச் சட்டம் அது. கூடவே காப்பீடு: இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்குப் பத்து லட்சம். பதிவு பெற்ற ஏஜென்ட் தன் சேவைக்கு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்று விதி இருக்கிறது. இந்த விதியை நான் சொன்னால் தையல்காரப் பையன்கள் சிரிக்கிறார்கள். லட்சத்துக்கு மேல் கொடுத்துவிட்டு வந்துதான் என்னிடம் 275 ரூபாய்க் காப்பீடு அவசியமா என்று கேட்கிறார்கள். அந்த லட்சத்துக்கு ரசீது இருக்காது. அரசாங்கம் எவ்வளவு வாங்கினாலும் ரசீது கொடுக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் அரசாங்கத்தின் பக்கம்தான் நான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் என்று செல்போனில் தேடினால் அரசு முகவரி மாதிரியே தோற்றம் காட்டும் போலித் தளங்கள் முன்னால் வந்து நிற்கும். அதில் மூவாயிரம் கட்டிவிட்டு, நாள் எப்போது வரும் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வராது. முகவரியின் கடைசியில் கவ் டாட் இன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கார்டை எடுக்க வேண்டும்.

அமெரிக்க விசாவுக்கு வருகிறேன். சுற்றுலா விசாவுக்கு 2002 கடைசியில் 100 டாலர். 2008ல் 131, 2012ல் 160, 2023 ஜூனில் 185. டாலரில் பார்த்தால் 2008க்கும் 2023க்கும் இடையே ஒன்றரை மடங்குகூட ஏறவில்லை. ஆனால் 2008ல் டாலர் நாற்பது ரூபாய். எங்கள் ஆட்கள் கட்டியது ஐயாயிரத்துச் சொச்சம். 2023ல் டாலர் எண்பத்திரண்டு. கட்டியது பதினைந்தாயிரத்துக்கு மேல். அவர்கள் ஒரு முறை ஏற்றுகிறார்கள், ரூபாய் தன் பங்குக்கு இறங்கி இன்னொரு முறை ஏற்றுகிறது. தாத்தா பாட்டி இரண்டு பேர் என்றால் முப்பதாயிரம். அதுவும் பேட்டிக்கு முன்னாலேயே கட்ட வேண்டும். விசா கிடைக்காவிட்டால் திரும்பாது.

அந்தப் பேட்டி எவ்வளவு நேரம் நடக்கும் என்பது போகாதவர்களுக்குத் தெரியாது. ராஜபாளையத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, விடிய விடியச் சென்னை போய், லாட்ஜில் குளித்து, இஸ்திரி போட்ட வேட்டி கட்டி, முதல் நாள் கைரேகை, மறுநாள் ஜெமினி பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள துணைத் தூதரகத்தில் வரிசை. சன்னலில் மூன்று கேள்வி. மகன் என்ன வேலை, எத்தனை மாதம் தங்குவீர்கள், இங்கே என்ன சொத்து இருக்கிறது. மூன்று நிமிஷம். என்னிடம் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு அந்த மூன்று நிமிஷத்தில் மறுப்புச் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து என் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார்: “முப்பத்தஞ்சு வருஷம் பேப்பர் திருத்தியிருக்கேன் தம்பி. பெயில் போட்ட பையனுக்குக்கூட எதுல மார்க் போச்சுன்னு சொல்லிருக்கேன்.” அடுத்த வருஷம் மறுபடி கட்டினார், கிடைத்தது. முதல் பதினைந்தாயிரம் எதற்குப் போனது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கொரோனாவில் நடந்ததுதான் வேடிக்கை. 2020 பிப்ரவரியில் ஒரு தம்பதிக்குத் தலா 160 டாலர் கட்டினோம். மகளுக்கு ஜூலையில் பிரசவம். மார்ச்சில் தூதரகம் மூடிவிட்டது. கட்டிய பணம் வீணாகாது என்று செல்லுபடிக் காலத்தை நீட்டினார்கள். கடைசியாக 2023 செப்டம்பர் 30 வரை நீட்டினார்கள். அதற்குப் பாராட்ட வேண்டும். ஆனால் தேதி கிடைத்தால்தானே. 2022 கடைசியில் சுற்றுலா விசாப் பேட்டிக்குக் காத்திருப்பு இரண்டு வருஷத்தைத் தாண்டி ஓடியது. நான் இரவு இரண்டு மணிக்கு எழுந்து யாராவது ரத்து செய்த தேதி காலியாகிறதா என்று திரையைத் தட்டிக்கொண்டிருப்பேன். என் வீட்டில், விசா எனக்கா என்று கேட்டார்கள். 2023 ஆகஸ்டில் தேதி விழுந்தது. ஜூனில் கட்டணம் 185 ஆகியிருந்தது. இவர்கள் பழைய ரசீதில் போனார்கள், தலைக்கு 25 டாலர் மிச்சம். பிரசவம் பார்க்கப் போக வேண்டியவர்கள், பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நேரத்துக்குப் போய்ச்சேர்ந்தார்கள். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா அரைக் கிலோ கொடுத்தார்கள்.

ஏன் இப்படி ஏற்றிக்கொண்டே போகிறார்கள் என்று கேட்பார்கள். அமெரிக்கக் குடியேற்றச் சேவை நிறுவனம் பெரும்பாலும் வரிப் பணத்தில் நடப்பதில்லை. விண்ணப்பிக்கிறவர் கட்டுகிற பணத்தில்தான் நடக்கிறது. ஆள் சம்பளம், வாடகை, கம்ப்யூட்டர் எல்லாம் அதிலிருந்துதான். அதனால் செலவு கூடும்போது கட்டணமும் கூடும். குடியுரிமை விண்ணப்பம் 2007ல் 330 டாலரில் இருந்து 595 ஆனது. 2024 ஏப்ரலில் தாளில் போட்டால் 760, ஆன்லைனில் போட்டால் 710. 2025 ஜூலையில் விசாவோடு 250 டாலர் தனிக் கட்டணம் ஒன்று சட்டமாகிவிட்டது. இங்கிலாந்து விசாக் கட்டணத்தோடு மருத்துவக் கட்டணத்தையும் மொத்தமாக முன்னால் வாங்குகிறது: 2015ல் வருஷத்துக்கு 200 பவுண்டு, 2024 பிப்ரவரியில் இருந்து 1,035, படிக்கப் போகிறவர்களுக்கு 776. விசா மறுத்தால் அந்த மருத்துவப் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். நான் பார்த்தவரை திரும்பி வருகிற பணம் அது ஒன்றுதான்.

2025 செப்டம்பர் 20, சனிக்கிழமை. புரட்டாசி முதல் சனி. எங்கள் பக்கத்துக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் உள்ள திருவண்ணாமலை மலைக்கோயிலுக்குப் போகும் நாள், தென்திருப்பதி என்போம். காலை ஆறரைக்குப் போன். வரிசையில் நிற்கிற ஒரு அப்பா. பின்னால் கோவிந்தா கோவிந்தா என்று சத்தம். “எச்ஒன்பிக்கு ஒரு லட்சம் டாலராமே? மகன் லீவுல வந்திருக்கான், அடுத்த வாரம் போகணும். இவன் கட்டணுமா?” முதலில் ஆயிரம் டாலர் என்று காதில் விழுந்தது. மறுபடி கேட்டேன். லட்சம்தான். அன்றைய விலைக்கு 88 லட்சம் ரூபாய். எச்ஒன்பி என்கிற வேலை விசாவுக்கு இந்தக் கட்டணம் என்று அமெரிக்க ஜனாதிபதி முந்தின நாள் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 21ஆம் தேதி பிறந்ததும் அமல். அவர்கள் நள்ளிரவு நமக்கு ஞாயிறு காலை ஒன்பதரை. ராஜபாளையத்தில் இருந்து எந்த ஏர்போர்ட்டுக்கு ஓடினாலும் அதற்குள் அமெரிக்க மண்ணில் கால் வைக்க முடியாது. பையன் மலையடிவாரத்தில் நின்று டிக்கெட் தேடிக்கொண்டிருந்தான். மறுநாள் காலைக்குள் விளக்கம் வந்தது: புதிய மனுக்களுக்கு மட்டும்தான், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்கள் போய் வரலாம் என்று. அந்த ஒரு நாளில் உலகம் முழுக்க எத்தனை பேர் விமானம் மாற்றிக் காசைக் கரைத்திருப்பார்கள். இவர்கள் பெருமாளைப் பார்க்காமலே திரும்பிவிட்டார்கள். அதுதான் அந்த அம்மாவுக்கு இன்னும் மனக்குறை.

இதுவரை சொன்னதில் மற்றவர்கள் செய்ததே அதிகம். நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் கட்டணங்கள் ஜூலை 1 அன்று மாறும். அவர்கள் கணக்கு வருஷம் அன்று பிறக்கிறது. மாணவர் விசா 710 ஆஸ்திரேலிய டாலராக இருந்தது. 2024 ஜூலை 1 அன்று 1,600 ஆனது. அடுத்த வருஷம் 2,000 ஆக்கப்போகிறோம் என்று தேர்தல் சமயத்திலேயே சொல்லிவிட்டார்கள். அதனால் 2025ல் நாங்கள் விழிப்பாகத்தான் இருந்தோம். நைட்டி கம்பெனி வைத்திருப்பவர் ஒருவரின் மகன், அங்கே படிக்க இடம் கிடைத்திருந்தது. கல்லூரியின் சேர்க்கை உறுதிச் சான்று வர ஜூன் கடைசி வாரம் ஆகிவிட்டது. ஜூன் 30 திங்கள்கிழமை. காலையில் அப்பா வங்கிக்குப் போய்த் தன் கார்டை வெளிநாட்டுக்குப் பணம் கட்டும்படி திறந்துவிட்டு வந்தார். எல்லாத் தாளும் ஏற்றியாகிவிட்டது. பணம் கட்டினால் முடிந்தது.

“ராத்திரி பன்னிரண்டு வரை நேரம் இருக்கு. கடையில கூட்டம் குறையட்டும், எட்டு மணிக்கு வாங்க, நிதானமா ஒரு தடவை சரிபார்த்துட்டுக் கட்டுவோம்” என்று சொன்னது நான்தான். தப்பு வரக்கூடாது என்ற பயத்தில்தான் சொன்னேன்.

ஏழு ஐம்பதுக்கு வந்தார்கள். பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, எல்லாவற்றையும் ஒருமுறை படித்தோம். பையன் படிக்க நான் திரையைப் பார்க்க, ஒரு எழுத்து பிசகவில்லை. கட்டணப் பக்கத்தை அழுத்தினேன். 2,000.

கான்பரா நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே நள்ளிரவு ஆகும்போது தளவாய்புரத்தில் இரவு ஏழரை. நான் அவர்களை எட்டு மணிக்கு வரச் சொன்னபோதே நேரம் தப்பிவிட்டது. உலகத்தில் எத்தனை மணி என்று சுவரில் மூன்று கடிகாரம் மாட்டிவைக்கிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

வித்தியாசம் 400 டாலர். நம் பணத்தில் இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம். அப்பா ஒன்றும் பேசவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் எடுத்துக் கணக்குப் போட்டார். ஒரு நைட்டிக்குப் பத்து ரூபாய் நிற்கிறது என்று வைத்தால் இரண்டாயிரத்து இருநூறு நைட்டி. பேனாவை மூடி வைத்துவிட்டு, “கட்டுங்க” என்றார். கட்டினோம். பாதியை நான் தருகிறேன் என்று மறுநாள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். “விடுங்கண்ணே” என்றார். வாங்கவில்லை. பையனுக்கு விசா வந்தது, போய்விட்டான். அப்பா இப்போது ஜெராக்ஸ் எடுக்கக்கூட எதிர்க்கடைக்குப் போகிறார். எதிரே பார்த்தால் சிரிக்கிறார். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு என் மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாட்டுக்கும் நமக்கும் எத்தனை மணி வித்தியாசம், எந்த மாதம் கட்டணம் மாறும், கட்டிய ரசீது எத்தனை நாள் செல்லும் என்று எழுதியிருக்கிறேன். நம் பாஸ்போர்ட்டுக்குக் கட்டிய பணம் ஒரு வருஷம் செல்லும், அதற்குள் மூன்று முறைதான் நாள் வாங்க முடியும் என்பது முதல் பக்கத்தில் இருக்கிறது. விண்ணப்பம் அடித்து முடித்ததும் நான் படிப்பதில்லை. யாருடைய பெயரோ அவரையே எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்கிறேன். இங்கிலீஷ் தெரியாத பெரியவர்கள் என்றால் பேரப்பிள்ளையைக் கூட்டிவரச் சொல்கிறேன். நேரமாகிறது என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்குச் சான்று பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான். வேறு தாள் செல்லாது. பள்ளிக்கூடம், ஆதார் எல்லாம் அதைப் பார்த்துத்தான் எழுதப்போகிறார்கள். இன்றைக்கே அதை எடுத்து, பிள்ளை பெயர், அப்பா பெயர், அம்மா பெயர் மூன்றையும் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள். பெயர் சேர்க்காமல் பதிவு செய்திருந்தால், பதிவான நாளில் இருந்து ஒரு வருஷம் வரை பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது.